சுண்ணாம்புத் தொட்டி மிக்சர்: சர்வீஸ் ஃபேக்டர் 1.25, 1.5, 2.0 – எதை எடுப்பது?

சாயத்தண்ணி | திங்கள், காலை 9.40

வணக்கம் அண்ணன்களே. திருப்பூர் பக்கம் ஒரு சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் பராமரிப்பு என் பொறுப்பு. சுண்ணாம்புப் பால் கலக்கும் தொட்டியில் உள்ள மிக்சரின் கியர்பாக்ஸ் மறுபடியும் போய்விட்டது. பதினான்கு மாதத்தில் இது இரண்டாவது.

விவரம்: மோட்டார் 5.5 கிலோவாட், 1440 ஆர்பிஎம். வார்ம் கியர்பாக்ஸ் (திருகு மாதிரித் தண்டு வெண்கலச் சக்கரத்தைச் சுற்றும் வகை), 30க்கு 1, வெளியே 48 ஆர்பிஎம். ஷாஃப்ட் மேலிருந்து தொங்குகிறது, 3 மீட்டர் நீளம், அடியில் தாங்கு பேரிங் கிடையாது. 45 டிகிரி சாய்ந்த நான்கு இலை இம்பெல்லர் இரண்டு, விட்டம் 1200 மி.மீ. ஒன்று ஷாஃப்டின் நுனியில், மற்றது 1.8 மீட்டர் ஆழத்தில். சுண்ணாம்பு எடையில் 10 சதவீதம். 24 மணி நேரமும் ஓடும். டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாருக்கு நேரடியாக முழு மின்னழுத்தம் கொடுப்பது).

முதல் தடவை அவுட்புட் பேரிங் போய், ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் தொட்டிக்குள் ஒழுகியது. இந்த முறை வெண்கலச் சக்கரத்தின் பல் கத்தி முனை மாதிரி தேய்ந்திருக்கிறது. எண்ணெயை இறக்கினால் தங்கத் தூள் கரைத்துவிட்ட மாதிரி மின்னுகிறது.

இனி வார்ம் வேண்டாம், ஹெலிகல் (சாய்ந்த பல் சக்கர வகை) போடலாம் என்று மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஒருவர் சர்வீஸ் ஃபேக்டர் (சுமையைப் போல எத்தனை மடங்கு தாங்கும் என்ற எண்) 2.0 என்கிறார். இரண்டாமவர் 1.5. மூன்றாமவர் 1.25. ஆச்சரியம் என்னவென்றால் 2.0 சொன்னவரின் விலைதான் குறைவு. எம்டி அதைப் பார்த்துவிட்டு "அதிக பலம், குறைஞ்ச விலை, இதிலே யோசிக்க என்ன இருக்கு?" என்கிறார். எனக்கு எங்கேயோ இடிக்கிறது.

புல்லி_பெல்ட் | திங்கள், காலை 10.05

2.0 வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள் தம்பி. கியர்பாக்ஸ் பெரிதாக இருந்து யாரும் கெட்டதில்லை.

பல்லும்பள்ளமும் | திங்கள், பகல் 12.30

கோவையில் முப்பது வருடம் கியர் டிசைனில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிக்கு இடித்தது சரியான இடத்தில்தான் இடித்திருக்கிறது.

மூன்று பேரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் ஃபேக்டர் எதன் மேல்?" மோட்டார் பிளேட்டில் இருக்கும் 5.5 கிலோவாட்டின் மேலா, இம்பெல்லர் உண்மையில் இழுக்கும் சக்தியின் மேலா? அதோடு கியர்பாக்ஸின் அவுட்புட் டார்க் (திருப்பு விசை) ரேட்டிங், அதாவது தாங்கும் அளவு, எத்தனை நியூட்டன் மீட்டர் என்று எழுத்தில் வாங்குங்கள். ஃபேக்டர் பேச்சை அதுவரை ஒதுக்கி வையுங்கள்.

இந்த மாதிரி ஒப்பீட்டில் நான் பார்த்த குழப்பத்தில் பாதிக்கு மேல் இதுதான். 2.0 சொல்பவரும் 1.25 சொல்பவரும் ஒரே பெட்டியை விற்கிற கதை உண்டு.

கலக்கி | திங்கள், மாலை 4.15

ஐயா சொன்னதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். இம்பெல்லர் இழுக்கும் சக்தி = பவர் எண் (இலையின் வடிவத்தைப் பொறுத்த எண்) × அடர்த்தி × வேகத்தின் மும்மடி × விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு. இந்த வகை இலைக்குப் பவர் எண் சுமார் 1.27, இரண்டுக்கு 2.54. பத்து சதவீதச் சுண்ணாம்புப் பாலின் அடர்த்தி 1060 அளவில். வேகம் நொடிக்கு 0.8 சுற்று. விட்டம் 1.2 மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 3.4 கிலோவாட்.

டார்க் = 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம். 3.4 போட்டால் 676 நியூட்டன் மீட்டர். மோட்டாரின் 5.5 போட்டால் 1094.

2.0 என்றவர் 676இன் மேல் சொல்லியிருந்தால் அவர் பெட்டி 1353 தாங்கும். 1.25 என்றவர் மோட்டாரின் மேல் சொல்லியிருந்தால் 1368. இரண்டும் ஒன்றேதான், சொல்லப்போனால் 1.25 கொஞ்சம் பெரிசு! 1.5 என்றவர் பெட்டி 1641. பலமானது அதுதான்.

இன்னொன்று. ஓடும்போது மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது?

சாயத்தண்ணி | செவ்வாய், காலை 11.20

அக்கா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது! 2.0காரர் "ஆமாம் சார், அப்சார்ப்டு பவர் (இம்பெல்லர் இழுக்கும் சக்தி) மேலதான், 3.4 கிலோவாட்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ரேட்டிங் 1350. மற்ற இருவரும் மோட்டாரின் மேல்தான். எம்டியிடம் இதைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

ஆம்பியர் லாக் புத்தகத்தில் 10.2, 10.3 என்று போட்டிருக்கிறது. பிளேட்டில் 10.6.

கலக்கி | செவ்வாய், பகல் 1.45

அப்படியானால் கணக்கு உதைக்கிறது. 30க்கு 1 வார்ம் என்றால் எஃபிஷியன்சி 78 சதவீதம் என்று வைப்போம். 3.4 கிலோவாட்டுக்கு மோட்டார் 4.4 கொடுத்தால் போதும், 9 ஆம்பியருக்குள் நின்றிருக்க வேண்டும். 10.3 என்றால் மோட்டார் முழுச் சுமைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சுண்ணாம்பு கெட்டியாகப் போடுகிறார்களா? அல்லது இம்பெல்லர் 1200 இல்லையா? டிராயிங்கை நம்பாமல் தொட்டியைக் கழுவும்போது டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பேனல்பாய் | செவ்வாய், மாலை 6.00

எல்லாரும் மெக்கானிக்கலாகவே பேசுகிறீர்கள். டிஓஎல் என்று எழுதியிருக்கிறார், அதை ஏன் யாரும் தொடவில்லை? கரண்ட் போய் வந்தால் என்ன செய்கிறீர்கள் பாஸ்? சுண்ணாம்பு அடியில் உட்கார்ந்துவிடுமே!

சாயத்தண்ணி | புதன், இரவு 9.10

ஒரே நாளில் இரண்டு விஷயம் வெளியே வந்தது.

ஒன்று, இம்பெல்லர். அளந்தேன். நுனிக்கு நுனி 1250. மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய இலை அரித்துப்போனபோது உள்ளூர் பட்டறையில் செய்து போட்டிருக்கிறார்கள். "ஐம்பது மில்லி கூட இருந்தா நல்லா கலக்கும்னு நினைச்சோம்" என்றார் அப்போது இருந்த ஃபோர்மேன்.

இரண்டாவது, பேனல்பாய் அண்ணன் கேட்டது. நைட் ஷிப்ட் ஆபரேட்டரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஆர்ஓவுக்கும் புளோயருக்கும்தான் போகும், மிக்சருக்கு இல்லை. அரை மணி, சில நாள் இரண்டு மணி நேரம் நிற்கும். கரண்ட் வந்ததும் ஸ்டார்ட் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமும், சுற்றாது. உடனே ஸ்டாப். மறுபடி ஸ்டார்ட். "ஏழெட்டுத் தடவை பட்டனைத் தட்டித் தட்டி விட்டா அசைஞ்சு கொடுக்கும் சார், அப்புறம் ஓடிரும்" என்றார். செய்தும் காட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே இருக்கிற பிளாட்பார்மே ஒரு குலுங்கு குலுங்கியது. என் காலில் அது தெரிந்தது.

பல்லும்பள்ளமும் | வியாழன், காலை 8.00

ஆக, உங்கள் கியர்பாக்ஸை ஓடும் சுமை கொன்றது பாதிதான், மீதியை அந்தப் பட்டன் கொன்றிருக்கிறது.

முதலில் 50 மி.மீ. சங்கதி. 1250ஐ 1200ஆல் வகுத்து ஐந்து முறை பெருக்குங்கள், 1.23 வரும். நாலு சதவீத விட்டம் கூடியதற்கு இருபத்து மூன்று சதவீத சக்தி. 3.4 இப்போது 4.17. வார்மின் நஷ்டத்தையும் சேர்த்தால் மோட்டாரில் 5.3, 5.4. கலக்கி அம்மா கேட்ட 10.3 ஆம்பியருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவுட்புட் டார்க் 830.

ஃபேக்டரை மோட்டாரின் மேல் போடு என்று நாங்கள் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். அப்சார்ப்டு பவர் என்பது யாரோ ஒருவர் டிராயிங்கைப் பார்த்துப் போட்ட கணக்கு. நாளைக்கே யாராவது இலையை நீட்டுவான், சுண்ணாம்பை 15 சதவீதம் ஆக்குவான். மோட்டார் பிளேட் அப்படி மாறாது. அதை மீறினால் ஓவர்லோட் ரிலே தட்டி மோட்டாரை நிறுத்திவிடும்.

அட்டவணை என்ன சொல்கிறது? பழைய ஆக்மா (அமெரிக்க கியர் தயாரிப்பாளர் சங்கம்) பட்டியலில் வெறும் திரவம் கலக்கும் அஜிடேட்டர், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடினால் 1.25. திரவமும் திடமும் கலந்தால், அல்லது அடர்த்தி மாறிக்கொண்டே இருந்தால் 1.5. உங்களுடையது இரண்டாவது. அதனால் 1.5தான் தொடக்கம். ஆனால் அந்த 1.5 பட்டன் தட்டுவதற்காகப் போட்டதல்ல. அது நாள்பட்ட சோர்வுக்கு, சுமையின் ஏற்ற இறக்கத்துக்கு.

அடைத்து நிற்பதைத் தனியே பார்க்க வேண்டும். கேட்லாக்குகளில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: ஸ்டார்ட்டிங்கிலும் திடீர்ச் சுமையிலும் ரேட்டிங்கின் 200 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் மோட்டாரின் உச்ச டார்க் 2.8 மடங்கு என்று வைத்தால் 1094 × 2.8 = 3063. 1368 ரேட்டிங் பெட்டியின் உச்சம் 2736, தாண்டிவிட்டது. 1641 பெட்டிக்கு 3282, தப்பிக்கும், மயிரிழையில்.

புல்லி_பெல்ட் | வியாழன், காலை 9.30

அதான் நான் முதலிலேயே சொன்னேனே, பெரிசா வாங்கு என்று. மோட்டார் மேல் 2.0 போட்டால் 2188. உச்சம் 4376. யார் தட்டினாலும் ஒன்றும் ஆகாது.

பல்லும்பள்ளமும் | வியாழன், காலை 10.10

கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது தம்பி. கீழே இருக்கிற கப்ளிங் போல்ட்டுக்கும் இம்பெல்லர் ஹப்பின் சாவிக்கும் (ஹப்பை ஷாஃப்டோடு பிடித்துவைக்கும் இரும்புக் கட்டை) என்ன ஆகும்? டார்க் எங்கேயாவது போய் யாரையாவது அடிக்கத்தானே வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு ஆலையில் இரண்டு தடவை பல் உடைந்தது என்று 2.5 ஃபேக்டரில் பெட்டி மாற்றினார்கள். பெட்டி இன்றைக்கும் ஓடும். ஆறே மாதத்தில் ஷாஃப்ட் கப்ளிங்கோடு கழன்று தொட்டிக்குள் விழுந்து, தொட்டியின் ரப்பர் லைனிங்கைக் கிழித்துவிட்டது. லைனிங் செலவில் மூன்று கியர்பாக்ஸ் வாங்கியிருக்கலாம்.

இன்னொரு வலை இருக்கிறது, வார்மிலிருந்து ஹெலிகலுக்கு மாறும்போது நிறையப் பேர் விழுகிற வலை. உங்கள் பழைய வார்ம் 22 சதவீதத்தைச் சூடாகத் தின்றுகொண்டிருந்தது. அதே மோட்டாரின் முழு டார்க்கில் ஷாஃப்டுக்கு வந்தது 853தான். ஹெலிகல் 95 சதவீதம் கொடுக்கும், 1040 வரும். அடைத்து நிற்கும்போதும் அதே விகிதத்தில் கூடும். பழைய ஷாஃப்டும் கப்ளிங்கும் இதுவரை பார்க்காத அடியைப் பார்க்கப்போகின்றன. புதுப் பெட்டி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

பேனல்பாய் | வியாழன், பகல் 1.20

ஐயா சொன்ன 2.8 மடங்கு டிஓஎல் இருக்கிறவரைதான். விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) போட்டு டார்க் லிமிட்டை 130 சதவீதத்தில் வைத்தால் ஷாஃப்டுக்கு 1350க்கு மேல் போகவே போகாது. அசையவில்லையா, டிரைவ் டிரிப் ஆகும். தட்டித் தட்டி விடும் வித்தை அதில் நடக்காது.

ஸ்டார்-டெல்டா (குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கிப் பிறகு முழுசுக்கு மாறும் ஸ்டார்ட்டர்) யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டாரில் ஸ்டார்ட்டிங் டார்க் மூன்றில் ஒரு பங்குதான், புதைந்த இம்பெல்லர் அசையாது. டைமர் முடிந்து டெல்டாவுக்கு மாறும்போது ஒரே அடி. டிஓஎல்லை விடக் கேவலம்.

ஓவர்லோட் ரிலே காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். அது மோட்டார் சூடாவதற்குக் காவல். தட்டுவதற்குள் சில நொடி போய்விடும். பல்லுக்கு அடி விழுவது கண் சிமிட்டும் நேரத்தில்.

வடமராட்சியான் | வியாழன், இரவு 8.50

கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு பசைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கட பிரச்சினை வேறு மாதிரி, ஆனால் இதோடு தொடுப்பு இருக்கு. பசையின் பிசுபிசுப்பு ஒரு பேட்சிலேயே பல மடங்கு ஏறும். அந்த ஓட்டத்தில் சக்தி பிசுபிசுப்போடு நேராகப் போகும், பிசுபிசுப்பு இரட்டித்தால் டார்க்கும் இரட்டிக்கும். முதலில் பெட்டி வாங்கினவை சராசரிப் பிசுபிசுப்பை வைத்து 1.75 போட்டவை. காலையில் ஆறிப்போன பேட்சை ஓட்டினால் அந்த 1.75 முழுக்க அதற்கே போய்விடும். பிறகு ஆகக் கெட்டியான நேரத்து டார்க்கை அளந்து, அதற்கு மேல் 1.25 போட்டோம். மூன்று வருசமாக ஓடுது. தம்பியும் ஆகக் கெட்ட நிலையைச் சுமைக்குள்ளே சேர்த்துவிட்டுப் பிறகு ஃபேக்டரைப் பாருங்கோ. ஃபேக்டருக்குள்ளே அதை ஒளிக்க வேண்டாம்.

கலக்கி | வெள்ளி, காலை 10.40

வடமராட்சி அண்ணன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் டார்க் பின்னாலேயே போகிறோம், முதலில் போனது அவுட்புட் பேரிங் என்பதை மறந்துவிட்டோம். அது டார்க்கால் போனது இல்லை. 3 மீட்டர் தொங்கும் ஷாஃப்ட், அடியில் பிடிமானம் இல்லை. தண்ணீர் இம்பெல்லரை ஒரே சீராகத் தள்ளாது, பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் உதைக்கும். தோராயமாக அந்த உதை டார்க்கை விட்டத்தால் வகுத்து 0.3ஆல் பெருக்கிய அளவு. மோட்டாரின் முழு டார்க் இரண்டு இம்பெல்லருக்கும் சமமாகப் போனால் ஆளுக்கு 547. 1.2 மீட்டருக்கு உதை 137 நியூட்டன். ஒன்று 3 மீட்டரில், மற்றது 1.8 மீட்டரில் தொங்குவதால் மேலே வளைவுத் திருப்பம் 656 நியூட்டன் மீட்டர். இது அமைதியாக ஓடும்போது. நீர்மட்டம் இம்பெல்லர் வழியாக ஏறி இறங்கும்போது இரண்டு மடங்கு வைக்க வேண்டும், 1313. மோட்டார் டார்க்கையே தாண்டிவிட்டது பாருங்கள்!

இதைச் சர்வீஸ் ஃபேக்டரில் தேடினால் கிடைக்காது. 2.0 போட்ட சாதாரண கன்வேயர் கியர்பாக்ஸும் இந்த வளைவில் சீலை ஒழுகவிடும். வெண்டாரிடம் "அஜிடேட்டர் டியூட்டி, அவுட்புட் பேரிங் இடைவெளி கூட்டியது, டிரை வெல் உள்ளது" என்று கேளுங்கள். டிரை வெல் இருந்தால் எண்ணெய் தொட்டிக்குள் இறங்காது. வளைவு எண்ணை அவரிடம் கொடுத்து பேரிங் ஆயுள் எத்தனை மணி என்று எழுதி வாங்குங்கள். வருடத்துக்கு 8760 மணி ஓடும் மெஷின். ரோலர் பேரிங்கில் சுமை 20 சதவீதம் கூடினால் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

தொட்டியை எந்த மட்டத்தில் நிறுத்துகிறீர்கள்? மேல் இம்பெல்லர் பாதி முங்கி பாதி வெளியே ஓடுகிறதா?

சாயத்தண்ணி | வெள்ளி, மாலை 5.30

ஓடுகிறது அக்கா. தினமும். மாலையில் மட்டம் இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கும் மேல் சளப் சளப் என்று சத்தம் கேட்கும். நான் அதை மிக்சரின் இயல்பான சத்தம் என்று நினைத்திருந்தேன்.

கலக்கி | வெள்ளி, மாலை 6.05

அந்தச் சளப்தான் உங்கள் பேரிங். லெவல் சுவிட்ச் வைத்து அந்த உயரத்தைச் சட்டென்று கடக்க விடுங்கள், இல்லை மட்டத்தை அதற்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். இலையை 1200க்கு வெட்டிவிடுங்கள். அடி இம்பெல்லர் புதையாமல் இருக்க, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அடியில் காற்று விட ஒரு குழாய் போடலாம். காற்றை நிறுத்திவிட்டுத்தான் மிக்சரை ஓட்ட வேண்டும், காற்றும் சுற்றும் சேர்ந்தால் உதை கூடிவிடும். குழாய் வாயில் சுண்ணாம்பு கட்டிக்கொள்ளும், அதனால் கழற்றி இடிக்கிற மாதிரி போடுங்கள்.

புல்லி_பெல்ட் | வெள்ளி, இரவு 7.15

சரி, ஒப்புக்கொள்கிறேன், பெரிசா வாங்கு என்று நான் சொன்னது சோம்பேறி பதில்தான். ஆனால் ஒரு கேள்வி. விஎஃப்டி வந்ததும் புரொடக்‌ஷன்காரர் வந்து "55 ஹெர்ட்ஸ் வெச்சா நல்லா கலக்குமே" என்பார். அதற்கு என்ன பதில்?

பேனல்பாய் | வெள்ளி, இரவு 7.40

பத்து சதவீத வேகத்துக்கு 33 சதவீத சக்தி. 50க்கு மேல் மோட்டாரின் டார்க் வேறு குறையும். டிரைவில் உச்சத்தை 50இல் பூட்டி பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். கீழேயும் 25க்குக் கீழ் போக வேண்டாம். மோட்டார் ஃபேன் மெதுவாகிச் சூடாகும், பெட்டிக்குள் எண்ணெய் தெறிப்பதும் குறையும்.

பல்லும்பள்ளமும் | சனி, காலை 7.50

எண்ணெய் பேச்சு வந்ததால். ஷாஃப்ட் கீழ்நோக்கி நிற்கும் பெட்டியில் மேல் பேரிங்தான் காய்ந்து போகும். ஆர்டரில் மவுண்டிங் நிலையைத் தெளிவாக எழுதுங்கள். எண்ணெய் அளவும் பிரீதர் இடமும் அதைப் பொறுத்து மாறும். கிடையாக ஓடும் பெட்டியை வாங்கி நிமிர்த்திப் போட்டால் ஃபேக்டர் 3 என்றாலும் அது நிற்காது.

வெயிலில் 42 டிகிரி போகிற ஊர் என்பதையும் எழுதுங்கள். தெர்மல் ரேட்டிங் (அளவுக்கு மேல் சூடாகாமல் கடத்தக்கூடிய சக்தி) தனி. வார்மில் அது பெரிய தலைவலி. ஹெலிகலில் இந்தச் சைஸுக்குக் கவலை குறைவு, ஆனாலும் மேலே ஒரு தகரக் கூரை போடுங்கள்.

சாயத்தண்ணி | இரண்டரை மாதம் கழித்து, ஞாயிறு, காலை 11.00

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மோட்டாரின் மேல் 1.5, ரேட்டிங் 1640, டிரை வெல் உள்ள அஜிடேட்டர் வகை எடுத்தோம். 2.0காரரை விடக் கால் பங்கு விலை கூட. விஎஃப்டி செலவும் சேர்ந்ததால் எம்டி முனகினார், ஆனால் கையெழுத்துப் போட்டார். இலையை 1200க்கு வெட்டினோம். காற்றுக் குழாய் போட்டோம். மட்டத்துக்கு லெவல் சுவிட்ச். மிக்சரை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றுவது மட்டும் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. இப்போது மோட்டார் 7.6 ஆம்பியர்.

போன வாரம் இரவு இரண்டு மணிக்கு ஆபரேட்டரிடமிருந்து போன். ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்து வந்திருக்கிறது. "சார், ஸ்டார்ட் போட்டா கொஞ்சம் முக்கிப் பாத்துட்டு டிரிப் ஆயிருது. புது மெஷினுக்கு தெம்பே இல்ல சார், பழசு எப்படியாவது ஓடிரும்." காற்றை பத்து நிமிடம் திறந்துவிடச் சொன்னேன். மூடிவிட்டு ஸ்டார்ட் போட்டார், ஓடிவிட்டது. ஆனால் காலையில் வந்து பார்த்தால் பேனல் மேல் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்: "முதலில் காத்து. அப்புறம் பட்டன்."

பல்லும்பள்ளமும் | ஞாயிறு, பகல் 12.20

அந்தச் சாக்பீஸை அழியாத பெயின்ட் ஆக்குங்கள். முதல் எண்ணெய் மாற்றும்போது காந்தப் பிளக்கை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.